நெல், அரிசி, சோறு: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணல் நினைவாகப் பேச வந்த இடத்தில் ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். காரணம் இருக்கிறது. காலனித் தெருக்களில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புகளுக்கு ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் வருகிறார்கள். கரும்பலகையில் உள்ள ஆங்கில வரியை அச்சுக் கோத்த மாதிரி பார்த்து எழுதுகிறார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிகிறார்கள். தாளுக்கு மதிப்பெண் விழுந்துவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, கல்லூரியில் பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும்போதுதான் தெரிகிறது. பாதியில் நின்று ஊர் திரும்பியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

தஞ்சாவூருக்கு ஆங்கிலம் நேற்று வந்ததல்ல. 1780களிலேயே கம்பெனியின் ரெசிடெண்ட் ஜான் சல்லிவனும் பாதிரியார் சுவார்ட்ஸும் இங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். அதில் பெரும்பாலும் படித்தவை பார்ப்பனப் பிள்ளைகள். பண்ணையாள் பிள்ளை அப்போது மாடு மேய்த்தது. 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றியது. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஏட்டில் ஆங்கிலம் எல்லோருக்கும் வந்த ஆண்டில் நம் மக்கள் நின்ற இடம் அது.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. நம் பெற்றோர் ஆசையோடு சேர்க்கிறார்கள். ஆங்கிலவழியில் சேர்ப்பது வேறு, ஆங்கிலம் கற்பிப்பது வேறு. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மொழித்திறன் நான்கு: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். தாய்மொழி இந்த வரிசையில்தான் வந்தது. வகுப்பறையில் இது தலைகீழாகிறது. எழுத்து முதலில் வருகிறது, பேச்சு வருவதே இல்லை.

ஒலியிலிருந்து தொடங்குவோம். 'பின்' என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு எழுத்து. பிள்ளை இங்கே தடுமாறினால் 'நாக்கு வளையாது' என்கிறார்கள். 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப' ஒரு ஒலி, நடுவில் வரும் 'ப' இன்னொரு ஒலி. இரண்டும் அந்த நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த எழுத்துக்கு எது என்று காட்டுவதே நம் வேலை.

அடுத்து வாக்கியம். 'இவள் என் தங்கை' என்பதில் வினைச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'வயலில்' என்றால் 'இல்' பின்னால் வருகிறது. 'இன் த ஃபீல்டு' என்றால் 'இன்' முன்னால் வருகிறது. 'இஸ்' போடாமல் எழுதும் பிள்ளை மந்தம் அல்ல. தன் தமிழ் இலக்கணத்தை அப்படியே கொண்டுவருகிறது. இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வேற்றுமை அதற்கே பிடிபடும். அண்ணலுக்குத் தந்தை ராம்ஜி வீட்டில் படிக்கக் கொடுத்தவற்றில் தர்க்கட்கரின் மராத்தி–ஆங்கில மொழிபெயர்ப்புப் பாடநூல்களும் உண்டு. தாய்மொழியைப் படியாக வைத்து ஏறிய வழி அது.

மூன்றாவது சொல். நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று. ஆங்கிலத்தில் நெல்லுக்குப் 'பேடி'. அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே 'ரைஸ்'தான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம்மிடம் இருப்பது அங்கே இல்லை என்று தெரியும்போது பயம் பாதி போய்விடும். பிறகு, அம்மா இன்றைக்கு என்ன வேலை செய்தார் என்று கேட்போம். நாற்றுப் பறித்தது, நடவு நட்டது, களை எடுத்தது, எல்லாம் வரும். அவற்றை ஐந்து சிறிய ஆங்கில வாக்கியமாக வாயால் சொல்ல வைப்போம். மறுநாள்தான் எழுத்து.

2018இல் வந்த ஆறாம் வகுப்பு நூலின் முதல் ஆங்கிலப் பாடம் கடல் ஆமைகளைப் பற்றியது. நாகப்பட்டினம் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. கடலோரப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை முதலில் தமிழில் சொல்லவிட்டு, பிறகு பாடத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினால், வினாவிடை நோட்டுக்கு வேலையே இல்லை.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கும். அம்மா நடவுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காதான் பள்ளியை விடுகிறாள். எழுத்தும் ஒலியும் பழக வேண்டிய முதல் வாரங்கள் அவளுக்குப் போய்விடுகின்றன. அவளுக்குத் திரும்பச் சொல்லித்தர மாலை வகுப்பில் ஓர் ஆள் வேண்டும்.

ஆங்கிலம் சாதியற்ற மொழி என்ற மயக்கமும் வேண்டாம். அதன் அகராதியில் 'பரையா' என்ற சொல் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். பறையர் என்ற பெயரிலிருந்து போன சொல் அது. பிள்ளைகள் வளர்ந்ததும் இதையும் சொல்லித்தர வேண்டும்.

ஆனால் ஒன்று. 'யூ' நடத்திய நாளில் ஒரு சிறுமி கேட்டாள்: "பண்ணை வீட்டு ஐயாவுக்கும் யூதானா அக்கா?" ஆமாம் என்றோம். "எங்க தாத்தாவுக்கு?" அவருக்கும் அதே யூதான் என்றோம். அறுபது வயது ஆளை அந்த வீட்டுப் பொடியன் 'வாடா' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அன்று முழுக்க அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் கேட்பது இதுதான். வாரத்தில் இரண்டு மாலை, ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். வாசிக்கும்போது தப்பு வந்தால் சிரிக்காதீர்கள், குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். முடித்த பிறகு ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் கல்லூரி முதல் ஆண்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.