வெப்பத்தை இறைக்கும் யந்திரம்

சித்திரை மாதத்தில் வேலூர்க் கோட்டையின் கல்லே கொதிக்கிறது. இங்கிருந்துகொண்டு, குளிர்நாட்டு மாளிகைகளைச் சூடேற்றும் யந்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். அந்த யந்திரத்திற்கும் நமது பாலாற்றுக்கும் உறவு உண்டு.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே ஓடும். பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொணர ஏற்றம் இறைக்க வேண்டும். வெப்பமும் அத்தகையதே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே செல்லும். எதிர்த்திசையில் செலுத்த உழைப்புத் தேவை. அவ்வுழைப்பைச் செய்வதே வெப்பப் பம்பு.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில், அமுக்கப்பட்ட காற்று பம்பைச் சூடாக்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே இந்த யந்திரம். எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று அதனுள் சுற்றி வருகிறது. அது ஆற்றுநீரின் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகிறது. மின்சாரம் அந்த ஆவியை அமுக்க, சூடு உயர்கிறது. கட்டடத்திற்கு அச்சூட்டை ஈந்தபின், மீண்டும் திரவமாகிறது. ஒரு பங்கு மின்சாரத்திற்கு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் கிடைப்பதுண்டு. மிகுதி இரண்டு பங்கு ஆற்றின் கொடை. வெளியே குளிர் மிகுந்தால் ஆதாயம் குறையும். கிணறு ஆழமானால் ஏற்றக்காரனின் உழைப்புக் கூடுவதில்லையா?

கட்டடங்களை இவ்வாறு சூடேற்றலாம் என்று 1852-ல் விளக்கியவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன். சூரிச் நகர மன்ற மாளிகை 1938-ல் லிம்மாத் ஆற்றுநீரிலிருந்து வெப்பம் பெறலாயிற்று.

ஆயினும் 1850-களிலேயே, ஆஸ்திரியாவின் எபென்சே உப்பளத்தில் ரிட்டிங்கர் என்னும் பொறியாளர் இத்தத்துவத்தைக் கையாண்டார். கொதிக்கும் உப்புநீரின் ஆவியை அமுக்கி, அதே உப்புநீரைக் காய்ச்சினார். விறகைச் சேமிப்பதே அவர் நோக்கம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் கழுவும்போது அவ்வுப்பு கழிவுநீரில் சேர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக் கிணறுகள் பல இதனால் கெட்டன. 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்சவ்வுகள் நல்ல நீரைப் பிரித்தெடுக்க, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். பெருஞ்செலவு பிடிப்பது இந்தக் காய்ச்சுதலே.

ரிட்டிங்கர் தீர்க்க முயன்ற கணக்கும் இதுதான். ஆவியை வீணாக்காமல் மீண்டும் உழைக்கவைக்கும் முறை எவ்வளவு மலிவாகிறதோ, அவ்வளவுக்குப் பாலாறும் பிழைக்கும். தோல் தொழிலை நம்பிய குடும்பங்களும் பிழைக்கும். பௌதிகம் பயிலும் நீங்கள் இதனை மேற்கொண்டு சிந்தியுங்கள்.