எழுப்பலும் ஓய்வித்தலும்

உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை' என்னும் சிறுகணினி 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆளில்லா இடத்திலும் உழைக்க வல்லது அது. ஆதலின், தானே எழவும் முறையாக ஓயவும் அதனைப் பழக்குதல் வேண்டும்.

மின்சாரம் பாய்ந்ததும் தொடக்க நிரல், நினைவட்டையிலுள்ள லினக்ஸ் கருநிரலை ஏற்றுகிறது. கருநிரலோ, 'சிஸ்டம்டி' என்னும் மேலாளரை முதலில் எழுப்புகிறது. அதன் செயல் எண் 1. எப்பணி எதன்பின் தொடங்க வேண்டும், இடையில் நின்றால் மீண்டும் எழுப்ப வேண்டுமா என்பனவற்றைச் சிறு கோப்பொன்றில் எழுதி, 'எனேபிள்' ஆணையால் பதிந்துவிட்டால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அவ்வொழுங்கே நிகழும்.

நிறுத்தும்போது இவ்வரிசை தலைகீழாகும். பின்னர் எழுந்தது முன்னர் ஓயும். 'முடித்துக்கொள்' என ஒவ்வொரு பணிக்கும் அறிவிக்கும் மேலாளர், இயல்பாக 90 நொடி பொறுப்பார். அதன்பின்னும் நில்லாததை வலிந்து நிறுத்துவார். எஞ்சிய தரவு அட்டையில் எழுதப்பட்ட பின்னரே கணினி ஓயும்.

இம்முறை பேணாது மின்னிணைப்பைப் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த தரவு சிதையலாம். கணினி மீண்டும் எழாமலும் போகலாம். 'பை 4' பலகையில் மின்பொத்தான் இல்லை. 2023இல் வந்த 'பை 5' பலகையில் உண்டு. பொத்தான் இல்லாவிடத்து 'ஷட்டவுன்' ஆணையே காப்பு. தொடங்கும் திறத்தினும் முறையாக முடிக்கும் திறமே பல நாள் உழைப்பைக் காக்கும் என்பதை மாணவர் உளங்கொள்க.