பழைய ஒலிபெருக்கியை வாங்கலாமா?

இசையில் ஈடுபாடுடையோர் அதனைச் செம்மையாகக் கேட்க விழைவது இயல்பே. ஆயினும் புதிய கருவிகளின் விலையைக் கேட்டதும் அவ்விழைவு தயங்கி நின்றுவிடும். அவ்வேளையில், முப்பதாண்டு கடந்த ஒலிபெருக்கி இணையொன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் மனம் சபலப்படாதா? அண்மையில் எனக்கு அத்தகைய வாய்ப்பொன்று நேர்ந்தது. அந்தப் பாதி விலையும் என் போன்ற ஆசிரியனுக்குப் பல மாதச் சேமிப்பு. ஆதலின் வாங்குவதா விடுவதா என்பதை ஆற அமர ஆராய வேண்டியதாயிற்று.

பழைய கருவிகளின் பெருமை வெறுங்கதையன்று. 1954இல் எட்கார் வில்ச்சரும் ஹென்றி குளொசும் அமெரிக்காவில் ‘அக்கூஸ்டிக் றிசேர்ச்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றே விற்சுருள்போல் நின்று கூம்பைத் தாங்கும் என்பது வில்ச்சரின் கண்டுபிடிப்பு. அதுவரை அலுமாரியளவு பெட்டிகளில் மட்டுமே கேட்ட ஆழ்ந்த ஒலி, அதன்பின் புத்தகத் தட்டில் அமரும் பெட்டியிலும் கேட்டது. 1958இல் ஏ.ஆர்-3 வெளிவந்தது. அந்நிறுவனத்தார் நால்வர் இசைக்குழுவொன்றை மேடையில் இருத்தி, இடையிடையே அவர்கள் வாசிப்பதுபோற் பாவனை செய்ய, பதிவுசெய்த ஒலியைப் பெட்டிகளிலிருந்து எழச் செய்து அவையோரின் செவியைச் சோதித்தனர். ஸ்மித்சோனியன் நூதனசாலையிலும் ஏ.ஆர்-3 இடம்பெற்றது.

நூதனசாலைப் பொருளைக் கண்டு மகிழ்ந்தாற் போதும், வீட்டிலிருப்பது பாடவேண்டுமன்றோ? ஒலிபெருக்கியின் உறுப்புகள் யாவும் ஒரேவிதமாக மூப்படைவதில்லை. காந்தமும் மரப்பெட்டியும் நெடுங்காலம் நிற்கும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பொருளாலானதாயின் பதினைந்து, இருபது ஆண்டுகளில் உதிரத் தொடங்கும்; ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் அது இன்னும் விரையும். துணியாலும் இறப்பராலும் ஆன விளிம்புகள் அதனினும் நெடிது உழைக்கும். உள்ளிருக்கும் கொள்ளளவிகளும் காலப்போக்கில் மதிப்பு மாறி, ஒலியின் சமநிலையைக் குலைக்கும். ஏ.ஆர்-3 போன்ற 4 ஓம் பெட்டிகளுக்கோ வலிய அம்பிளிபயர் வேண்டும். எளியது சூடேறிப் பழுதாகக்கூடும்.

இவற்றை மனத்திற்கொண்டு அந்த இணையைப் பார்க்கச் சென்றேன். முன்புறத் துணியை அகற்றி விளிம்பைத் தொட்டபோது விரல் பட்ட இடம் மாவாக உதிர்ந்தது. “இன்னும் நல்லாய்ப் பாடுது, மாஸ்ரர்” என்றார் விற்பவர். பாடியது உண்மைதான். ஆனால் நான் கொண்டுசென்ற, எனக்கு மனப்பாடமான கச்சேரிப் பதிவை ஒலிக்கவிட்டபோது, மிருதங்கத்தின் தொப்பி முழங்கிய இடமெல்லாம் கரகரப்பு எழுந்தது.

விளிம்பைப் புதுப்பிக்கலாம், கைதேர்ந்தவர் செய்தால் பழைய பெட்டி மறுபிறவி எடுக்கும். அனுபவசாலிக்கு அதுவே இன்பம். ஆனால் அந்தப் பெட்டி தன் இளமையில் எவ்வாறு ஒலித்ததென்பதைத் தொடக்கநிலையாளன் அறியான். ஆகையால், பழுதுபார்த்தபின் கேட்பது அதன் இயல்பான குரலா, பழுதின் எச்சமா என்று அவனால் தீர்க்கமுடியாது. எனக்குள்ள தடையும் இதுவே. ஆகவே அந்த இணையை விடுத்து, இறப்பர் விளிம்புடைய, பெயர் பெறாத, சிறியதொரு பழைய இணையை ஒரு மணிநேரம் கேட்டபின் வாங்கினேன்.

பழைய ஒலிபெருக்கி வாங்க எண்ணும் மாணவர்க்கும் நான் சொல்லக்கூடியது இதுவே. விலையோடு பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விளிம்பைக் கண்ணாற் பாருங்கள். கூம்பை மெல்ல, சீராக அழுத்துங்கள். உராயும் ஓசை எழுந்தால் விட்டுவிடுங்கள். இரு பெட்டிகளையும் தனித்தனியே கேளுங்கள். உங்களுக்கு நன்கு பழகிய இசையையே கையோடு கொண்டு செல்லுங்கள். புகழ்பெற்ற பெட்டியை நாடுவதற்கு, செவி பழகிய பின்னரும் காலம் இருக்கிறது.