எட்டு நகர்வுகள் அசையாத பிஷப்

சதுரங்கத்தில் ‘ஜெயிக்கும் நிலை’ என்று ஒன்று உண்டு. காய்கள் கூடுதல், ராஜா பத்திரம், எதிராளி திணறுகிறார், இனி ஒழுங்காக ஆடினால் போதும் என்ற நிலை. ஆட்டத்திலேயே ஆபத்தான கட்டம் இதுதான் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் ஆட்டங்களில் ஒன்று 130 ஆண்டுகளுக்கு முன்பு கியூபாவின் தலைநகர் ஹவானாவில் நடந்தது.

1892இன் தொடக்கத்தில் உலகச் சாம்பியன் வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸும் ரஷ்யாவின் மிகயீல் சிகோரினும் அங்கே மோதினார்கள். ஸ்டெய்னிட்ஸுக்கு 55 வயது, சிகோரினுக்கு 41. இருவரும் ஆடும் விதமே வேறு. சின்னச் சின்னச் சாதகங்களைச் சேர்த்துவைத்துப் பிறகு வட்டியோடு வசூலிப்பது ஸ்டெய்னிட்ஸின் கொள்கை. சிகோரினுக்கோ தாக்குதல்தான் உயிர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் பட்டத்துக்காக மோதித் தோற்ற கணக்கும் அவருக்குப் பாக்கி இருந்தது. (1892இல் இதே ஹவானாவில் மூன்று வயதுப் பையன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். கபாபிளாங்கா என்ற அந்தப் பையன் பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனான்.)

22 ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்டெய்னிட்ஸ் 9 வெற்றி, சிகோரின் 8, மீதி 5 டிரா. பத்தாவது வெற்றியை முதலில் தொடுபவருக்குப் பட்டம். பிப்ரவரி 28 அன்று நடந்த 23ஆவது ஆட்டத்தில் சிகோரினுக்கு வெள்ளைக் காய்கள். அதில் ஜெயித்தால் 9-9 என்று சமமாகிவிடும். சமாதானமாக ஆடும் ஆளா அவர்? கிங்ஸ் காம்பிட் என்ற பழைய முரட்டுத் தொடக்கத்தையே எடுத்தார். அது பலித்தது. 31 நகர்வுகள் முடிந்தபோது வெள்ளையிடம் ஒரு குதிரை கூடுதல். பதிலுக்குக் கறுப்பிடம் இருந்தது கூடுதலாக ஒரு சிப்பாய் மட்டுமே.

பலகையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். வெள்ளை ராஜா மூலையில், எச்1 கட்டத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் எச்2இல் ஒரு சிப்பாய். பக்கத்துக் கட்டமான ஜி1 காலி. அதற்கும் அப்பால் எஃப்1இல் வெள்ளையின் சொந்த யானை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கறுப்பின் இரண்டு யானைகளும் வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் புகுந்து, டி2, இ2 கட்டங்களில் ஜோடியாக நிற்கின்றன. இந்த ஜோடி எச்2 சிப்பாயை வெட்டி உள்ளே இறங்கினால் ராஜா பிழைக்காது. இறங்கவிடாமல் தடுத்தது ஒரே ஒரு காய்தான். டி6 கட்டத்தில் நின்ற வெள்ளை பிஷப், மூலைவிட்டத்தில் தூரத்திலிருந்தே எச்2ஐக் காத்துக்கொண்டிருந்தது.

23ஆவது நகர்வில் அங்கே வந்து நின்ற பிஷப், அதற்குப் பிறகு எட்டு நகர்வுகள் அசையவில்லை. என் கணிப்பில் தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது. தினமும் வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனைப் போல, வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்ததாலேயே அது கண்ணில் படாமல் போயிற்று. திருடன் உள்ளே வராதவரை, அந்த ஆள் சும்மா இருக்கிறார் என்றுதானே தோன்றும்?

32ஆவது நகர்வில் சிகோரின் அந்த பிஷப்பை எடுத்து பி4இல் வைத்தார். அங்கிருந்து அது டி2 யானையை மிரட்டுகிறது. தாக்குவதற்கு நல்ல இடம்தான், ஆனால் எச்2இன் காவல் போனது. கறுப்பிடம் அந்தக் கணத்தில் இருந்த செக் ஒன்றே ஒன்று: இ2 யானை எச்2 சிப்பாயை வெட்டுவது. ஸ்டெய்னிட்ஸ் அதை ஆடினார். அந்த யானைக்கு டி2 யானையின் துணை இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. ஜி1க்கு நகர்ந்தால் மற்ற யானை ஜி2க்கு வந்து மேட். சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்டம், தொடர், பட்டம் மூன்றும் ஒரே நகர்வில் கைவிட்டுப் போயின. பிஷப்பைத் தொடாமல் யானையால் பி7 சிப்பாயை வெட்டியிருந்தால் வெற்றி கையில் இருந்திருக்கும்.

குதிரைமேல் தனிப் பாசம் கொண்டவர் என்று பெயரெடுத்தவர் சிகோரின். அவர் பெயரில் இன்றும் வழங்கும் தற்காப்பு முறையில், குதிரைக்காக பிஷப்பைத் தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பிஷப்பின் அருமையை மறந்து பட்டத்தை இழந்தது விதியின் குறும்பு என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அந்தக் காலத்து ஆட்டம் அப்படி என்று ஒதுக்கவும் முடியாது. 2014 நவம்பர் 15, ரஷ்யாவின் சோச்சி. மேக்னஸ் கார்ல்சன், விஸ்வநாதன் ஆனந்த் மோதிய உலகப் பட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம். நல்ல நிலையில் இருந்த கார்ல்சன் 26ஆவது நகர்வில் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்தின் குதிரை நடுப் பலகைச் சிப்பாய் ஒன்றை வெட்டியிருந்தால், அடுத்தடுத்த செக்குகளில் இரண்டு சிப்பாய்கள் கிடைத்து ஆட்டமே தலைகீழாகியிருக்கும். நம்ம சென்னைக்காரர் பலகையின் இன்னொரு ஓரத்தில் சிப்பாயை முன்னேற்றும் யோசனையிலேயே இருந்தார். ஏற்கெனவே தீர்மானித்திருந்தபடி அதையே நகர்த்திவிட்டார். கார்ல்சன் பிழைத்து, அந்த ஆட்டத்தையும் பிறகு தொடரையும் வென்றார்.

இரண்டு இடங்களிலும் கணக்குப் போடும் திறமைக்குக் குறைவில்லை. இரண்டுமே இரண்டு மூன்று நகர்வுகளில் முடியும் சங்கதி. பள்ளிப் போட்டிகளில் ஆடும் பிள்ளைகளே புதிராகக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் அப்படி யாரும் காதில் சொல்வதில்லை. மனம் தன் திட்டத்தில் மூழ்கியிருக்கும்போது, எதிராளி என்ன செய்வார் என்ற கேள்வியே எழுவதில்லை.

இதற்கு ரஷ்ய மாஸ்டர் பெனியமின் புளூமன்ஃபெல்ட் ஒரு வழி சொன்னார். கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டவ் அதைத் தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்லிப் பரப்பினார். யோசித்து முடித்ததும் காயைத் தொடாதே. முதலில் நகர்வைத் தாளில் எழுது. எழுதிவிட்டு, ஆட்டம் கற்றுக்கொள்ளும் புதியவனின் கண்ணோடு பலகையைப் பார். எனக்கு ஒரு செக் வருகிறதா? ஏதாவது காய் வெட்டுப்படுகிறதா? பல தலைமுறை ஆட்டக்காரர்கள் இதைப் பின்பற்றினார்கள். இப்போது அதற்கும் வழியில்லை. நகர்த்துவதற்கு முன் எழுதிவைப்பது குறிப்பெடுத்துக்கொள்வதற்குச் சமம் என்று சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு விதியிலேயே தடை போட்டுவிட்டது. டிரா கோரும்போதும் ஆட்டத்தை ஒத்திவைக்கும்போதும் மட்டும் விலக்கு உண்டு. மற்ற நேரங்களில் காயை நகர்த்திய பிறகே பேனாவைத் தொடலாம். புதியவனின் கண்ணை மனசுக்குள்ளேயே திறந்துகொள்ள வேண்டியதுதான்.