குடியேறிகளைத் தடுக்கப் போன படை

1784 ஜூன் மாதம், பிரிட்டனை வென்று ஓராண்டுகூட முழுதாகக் கழியாத நிலையில், அமெரிக்கக் காங்கிரஸ் தன் ராணுவத்தைக் கலைத்தது. மிச்சம் வைத்தது 80 சிப்பாய்களை: பிட் கோட்டையில் 25 பேர், வெஸ்ட் பாயின்ட்டில் 55 பேர். தளவாடக் கிடங்குகளுக்குக் காவல் நிற்பதுதான் அவர்கள் வேலை. நிரந்தரப் படை என்றாலே அந்தத் தலைமுறைக்கு ஆகாது. பாஸ்டன் தெருவில் 1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பொதுமக்களைச் சுட்டது யாருக்கும் மறக்கவில்லை. ஆபத்து வந்தால் ஊர்க்காரர்களே துப்பாக்கியோடு திரளும் ஊர்ப்படை போதும் என்று நம்பினார்கள். ஆனால் பத்தாண்டுக்குள் அதே நாடு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் கொண்ட படைக்கு அனுமதி தந்து, அதை ஒஹையோ காடுகளுக்குள் அனுப்பியது. எல்லையோரக் குடியேறிகளைப் பூர்வகுடிகளின் தாக்குதலிலிருந்து காக்கத்தான் இந்தப் படை பிறந்தது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. தன் குடிமக்களையே கட்டுப்படுத்த முடியாத ஓர் அரசு, அவர்கள் இழுத்துவந்த போரை நடத்தப் படை கட்டியது என்பது மறுபாதி.

1783ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தை பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்த ஷானி, மயாமி, டெலவேர் மக்களை யாரும் கேட்கவில்லை. போர்க்கடனில் மூழ்கியிருந்த புதிய அரசுக்கு விற்றுக் காசாக்க அந்த நிலம் வேண்டியிருந்தது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி ஏக்கர் ஒரு டாலர், குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும். ஏழை விவசாயி 640 டாலருக்கு எங்கே போவான்? அவன் பணம் கட்டாமலே ஒஹையோ ஆற்றைக் கடந்து, மரத்தை வெட்டிக் குடிசை போட்டான். ஆகவே, கலைத்த படைக்குப் பதிலாகப் புதிதாகத் திரட்டிய ஜோசியா ஹார்மரின் படைப்பிரிவுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, இந்த வெள்ளையர்களைத் துரத்துவது. 1785 வசந்த காலத்தில் சிப்பாய்கள் ஆற்றங்கரை வழியே போய்க் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அவர்கள் திரும்பியதும் குடியேறிகளும் திரும்பினார்கள். மஸ்கிங்கம் ஆறு கலக்கும் இடத்தில் கட்டிய ஹார்மர் கோட்டையின் நோக்கமும் ஆரம்பத்தில் இதுதான். ஆனால் சில நூறு சிப்பாய்களால் நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள ஆற்றைப் பூட்டிவைக்க முடியாது.

குடியேறிகள் பட்ட துயரம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல. 1791 ஜனவரியில் மஸ்கிங்கம் கரையில் பிக் பாட்டம் என்ற சிறு குடியிருப்பில் குழந்தைகள் உட்படப் பன்னிரண்டு பேராவது கொல்லப்பட்டார்கள். கென்டக்கியில் நிலைமை அதற்கு முன்பே மோசம். அங்கே மக்கள் தங்கள் குடிசைகளைச் சதுரமாக அடுக்கி, இடைவெளிகளில் கூர்மையான மரக்கம்பங்களை நட்டு, மூலைகளில் மாடி முன்னே துருத்திய காவல் வீடுகளைக் கட்டி ஒண்டிக்கொண்டார்கள். பீரங்கி இல்லாத எதிரியை அந்த வேலி தாங்கியது. ஆனால் வயலும், மாடும், பல இடங்களில் நீரூற்றும் வேலிக்கு வெளியே இருந்தன. அதனால் வெறுமனே உட்கார்ந்து காப்பது நடக்காத காரியம். ஊர்ப்படைகள் ஆற்றைக் கடந்து பதிலடி கொடுக்கப் போயின. சிக்கல் அங்கேதான் முற்றியது. கைக்கு எட்டியவர்கள் பெரும்பாலும் சமாதானத்தை நம்பி அருகில் தங்கியிருந்தவர்களே. 1782இல் நாடன்ஹூட்டனில் பென்சில்வேனியா ஊர்ப்படை கொன்ற 96 பேரும் கிறிஸ்தவத்தைத் தழுவிய டெலவேர் மக்கள், ஆயுதம் எடுக்காதவர்கள். 1786 ஜனவரியில் அமெரிக்காவோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஷானி முதியவர் மொலுந்தாவை, அதே ஆண்டு கென்டக்கி ஊர்ப்படைக்காரர் ஒருவர் அவர் சரணடைந்த பிறகு வெட்டிக் கொன்றார். உடன்படிக்கை உயிரைக் காக்காது என்று ஷானி மக்கள் முடிவு கட்டியதில் என்ன வியப்பு?

இந்தச் சங்கிலியை அறுக்க அரசு நம்பியதும் அதே ஊர்ப்படையைத்தான். 1790 அக்டோபரில் ஹார்மர் சுமார் 1,450 பேரோடு வடக்கே போனார். அதில் பயிற்சி பெற்றவர்கள் 320 பேர் மட்டுமே. மௌமி ஆறு தொடங்கும் இடத்தில் இருந்த கெக்கியோங்காவில் அடிவாங்கித் திரும்பினார். அடுத்த ஆண்டு ஆர்தர் செயின்ட் கிளேர் புறப்பட்டார். ஆறு மாத ஒப்பந்தத்தில் பிடித்துவந்த ஆட்கள், பிடித்தம் போக மாதம் இரண்டு டாலர் சம்பளம், மோசமான துப்பாக்கிமருந்து, பட்டினி கிடந்த குதிரைகள். ஓடிப்போன ஊர்ப்படையினர் உணவு வண்டிகளைக் கொள்ளையடிப்பார்களோ என்று பயந்து, இருந்த ஒரே அனுபவமுள்ள படைப்பிரிவையும் பின்னால் அனுப்பிவிட்டார் தளபதி. நவம்பர் 4ஆம் தேதி விடியற்காலையில் மயாமித் தலைவர் லிட்டில் டர்டில், ஷானித் தலைவர் ப்ளூ ஜாக்கெட் ஆகியோரின் ஆட்கள் சுமார் ஆயிரம் பேர் முகாமைச் சூழ்ந்தார்கள். மூன்று மணி நேரத்தில் 600க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மடிந்தார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்கப் படை அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு பேரை ஒரே நாளில் இழந்ததில்லை. சினிமாக்கள் கொண்டாடும் 1876 லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இறந்த சிப்பாய்கள் இதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அங்கே மடிந்த தளபதி கஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு செயின்ட் கிளேரைத் தெரியாது.

இந்தப் போருக்குப் பிரிட்டன் தூண்டியதுதான் காரணம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். டெட்ராய்ட் முதலிய கோட்டைகளை உடன்படிக்கையை மீறி பிரிட்டன் கையில் வைத்திருந்ததும், அங்கிருந்து ஆயுதங்கள் போனதும் உண்மை. ஆனால் துப்பாக்கி கொடுத்தவன் சண்டைக்கான காரணத்தையும் கொடுத்தான் என்று ஆகாது. 1793இல் சமாதானம் பேச வந்த அமெரிக்கத் தூதர்கள் நிலத்துக்குப் பதிலாகப் பெரும் பணம் தருவதாகச் சொன்னபோது, பூர்வகுடிக் கூட்டமைப்பு அனுப்பிய பதில் கூர்மையானது. எங்களுக்குப் பணத்தால் பயனில்லை. உங்கள் குடியேறிகள் ஏழைகள், இல்லாவிட்டால் இப்படி ஓயாத ஆபத்தில் வந்து வாழமாட்டார்கள். இந்தப் பணத்தையும் படைக்குச் செலவழிக்கும் பணத்தையும் அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள் என்றது அது. எல்லைப் பிரச்சினையின் வேர் எங்கே என்பதை அதிபர் வாஷிங்டனின் அமைச்சரவையைவிட இவர்கள் தெளிவாகப் பார்த்திருந்தார்கள். தூதர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதற்குள், செயின்ட் கிளேரின் தோல்விக்குப் பின் தலைமையேற்ற ஆன்டனி வெய்ன் தன் படையை இரண்டு கோடைகள் பழக்கியிருந்தார். ஒவ்வொரு இரவும் வெட்டிய மரங்களால் முகாமுக்கு அரண், துப்பாக்கிச் சூட்டைவிடத் துப்பாக்கிமுனைக் கத்தியில் நம்பிக்கை, வழிநெடுகக் கோட்டைகள். 1794 ஆகஸ்ட் 20இல் ஃபாலன் டிம்பர்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்த சண்டையில் வென்றார். பின்வாங்கிய பூர்வகுடிகள் அருகிலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு ஓடினார்கள், கதவு திறக்கவில்லை. கென்டக்கிக் குதிரைப்படையும் வெய்னோடு போனதால் ஊர்ப்படையும் வென்றதாகத்தானே அர்த்தம் என்று வாதிடுவோர் உண்டு. பழகிய படை முன்னே நின்றதால் அவர்கள் பயன்பட்டார்கள்; அது இல்லாதபோது நடந்ததை 1790லும் 1791லும் பார்த்தாயிற்று. உண்மையில் போரை முடித்தது சண்டைகூட அல்ல. மௌமிக் கரை நெடுகிலும் விளைந்து நின்ற சோளத்தை வெய்னின் ஆட்கள் எரித்ததுதான். பசித்த மக்கள் 1795இல் கிரீன்வில்லில் கையெழுத்திட்டு, ஒஹையோவில் மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு 20,000 டாலர் பெறுமானப் பொருள்களும் ஆண்டுக்கு 9,500 டாலர் பெறுமானப் பொருள்களும்.

அந்த உடன்படிக்கை ஓர் எல்லைக்கோடும் போட்டது. அதைத் தாண்டும் வெள்ளையரைத் துரத்தும் உரிமை பூர்வகுடிகளுக்கு உண்டு என்றும் எழுதிவைத்தது. 1809இல் ஃபோர்ட் வெய்னில் இன்னொரு உடன்படிக்கை வழியாக, அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் அமெரிக்காவின் கைக்குப் போனது. அதை முடித்துக்கொடுத்த இண்டியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன், ஃபாலன் டிம்பர்ஸில் வெய்னுக்கு உதவி அதிகாரியாக இருந்தவர். கிரீன்வில் உடன்படிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.