உணவுக்குச் செயற்கை வண்ணம் தேவையா?

பண்டத்தின் சுவையை நாக்கு அறியுமுன் கண் தீர்ப்புக் கூறிவிடுகிறது. லட்டு நல்ல மஞ்சளாகவும், ஜிலேபி செம்மஞ்சளாகவும் இருந்தால்தான் அவை தரமானவை என்று நம்பப் பழகிவிட்டோம். வண்ணத்தினால் உணவின் சத்துக் கூடுவதில்லை. அது கெடாதிருக்கும் காலமும் நீள்வதில்லை. குங்குமப்பூ சேராத இனிப்பைச் சேர்ந்தது போலவும், பழம் சேராத பானத்தைப் பழரசம் போலவும் காட்டவே அது பயன்படுகிறது. ஆகவே, அதனால் சிறிது தீங்கு நேரினும், அதற்கு ஈடான நன்மை எதையும் உண்பவர் பெறுவதில்லை.

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற இளைஞர் கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது, தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களே அதற்கு மூலம். துணிக்கெனப் பிறந்த இத்தகைய சாயங்கள் பின்னர் உணவிலும் புகுந்தன.

சட்டத்தின் வரம்பு

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும் இதற்கு வரம்பு வகுத்துள்ளன. பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின் ஆகிய சிவப்பு வண்ணங்கள். டார்ட்ரசின், சன்செட் எல்லோ ஆகிய மஞ்சள் வண்ணங்கள். இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ ஆகிய நீல வண்ணங்கள். ஃபாஸ்ட் கிரீன் என்ற பச்சை வண்ணம் என எட்டு வண்ணங்களுக்கு 2011ஆம் ஆண்டின் விதிகள் இடமளித்தன. ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய், இனிப்புகள் போன்ற குறிப்பிட்ட பண்டங்களில் மட்டுமே இவற்றைச் சேர்க்கலாம். பொதுவான வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகும். பருப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், தேயிலை ஆகியவற்றில் ஒரு துளியும் கூடாது.

குழந்தையின் எடையும் வண்ணத்தின் அளவும்

அனுமதி பெற்ற வண்ணம் எவ்வளவு உண்டாலும் தீங்கற்றது என்று கொள்வது தவறு. ஒவ்வொன்றுக்கும் உடல் எடையைப் பொறுத்த நாள்வரம்பு உண்டு. எரித்ரோசினுக்கு அது கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. கிலோவுக்கு 100 மில்லிகிராம் எரித்ரோசின் கலந்த இனிப்பாயின், 15 கிராம் உண்டாலே அந்த எல்லை வந்துவிடும். அதே துண்டை உண்ணும் 60 கிலோ எடையுள்ள தந்தைக்கோ அது நாள்வரம்பில் கால் பங்குதான். குடும்பத்தில் அனைவரும் ஒரே பண்டத்தைப் பகிர்ந்துண்டாலும் சுமை அனைவருக்கும் ஒன்றன்று.

டார்ட்ரசின் சிலருக்குத் தோல் தடிப்பை உண்டாக்குவதுண்டு. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில வண்ணங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். சிலரிடம் அமைதியின்மையும் கவனச் சிதறலும் மிகுந்தன. இவ்விளைவு எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் காணப்படவில்லை. கலவையில் எப்பொருள் காரணம் என்பதும் தெளிவாகவில்லை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஆறு வண்ணங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பைக் கட்டாயமாக்கியது. அவற்றுள் நான்கு நம் பட்டியலிலும் இடம்பெற்றவை.

ஆலைச் சாயம் அடுப்பங்கரையில்

இதனினும் பெரிய கேடு அனுமதியற்ற சாயங்களால் விளைவதாகும். துணி, தோல், காகிதம் ஆகியவற்றுக்கான மெட்டானில் எல்லோ, ரோடமின் பி போன்றவை மலிவானவை. சிறிதளவே பளிச்சென்ற நிறம் தரும். காரீயம், ஆர்செனிக் போன்ற மாசுகள் உணவு வண்ணங்களில் இன்ன அளவுக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. ஆலைச் சாயத்துக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. மெட்டானில் எல்லோ எலிகளின் மூளையையும் நரம்பு இயக்கத்தையும் பாதித்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததற்கு அதில் ரோடமின் பி கண்டறியப்பட்டதே காரணமாகும்.

செய்ய வேண்டுவன

உறையிட்ட பண்டத்தில் செயற்கை வண்ணம் சேர்ந்துள்ளதென்ற அறிவிப்பு இருத்தல் வேண்டும். 102, 110, 122, 124, 127 ஆகிய எண்கள் முறையே டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின் ஆகியவற்றைக் குறிக்கும். வீட்டில் மஞ்சள்தூளை ஒரு குவளை நீரில் இட்டுப் பார்க்கலாம். தூய தூள் அடியில் படிந்து, நீர் இளமஞ்சளாகும். நீர் முழுதும் அடர்மஞ்சளானால் ஐயுறுதல் தகும். முடிவு கூற வேண்டியது ஆய்வுக்கூடமே.

ஆனால், பள்ளி வாயிலில் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு உறையுமில்லை, எண்ணுமில்லை. அதைச் செய்பவர் பெரும்பாலும் சிறு வியாபாரி. வாங்கிய பொடி உணவுக்குரியதா, துணிக்குரியதா என்பதை அறியாதவராகவும் இருக்கக்கூடும். அவருக்கு அபராதம் விதிப்பதோடு அலுவலரின் கடமை முடிவதில்லை. சாயப்பொடியைப் பெயரின்றிச் சில்லறையில் விற்கும் கடையைக் கண்டறிவதும், வண்ணமின்றியும் பண்டம் விற்கும் என்பதை வியாபாரிக்கு உணர்த்துவதும் அதனினும் பயன் தரும். பீட்ரூட், மஞ்சள், கீரைச் சாறு ஆகியவை தரும் நிறம் சற்று மங்கலானதுதான். அந்த மங்கலை ஏற்கக் கண் பழகிவிட்டால், சட்டம் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் குடும்பமே செய்துவிடும்.