துளித்துளியாய் ஒழுகும் எண்ணெய்

நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களிலே, கொழுந்து மூடைகளை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஊர்ந்து வரும் பழைய டிராக்டரை அறியாத பிள்ளைகள் அரியர். கொழுந்தோ காத்திருக்கும் பண்டமன்று. பறித்த இலை மூடைக்குள் நெருக்குண்டு கிடப்பின் தானே சூடேறிச் சிவந்து பழுதாகும். வழியில் வண்டி நின்றுவிட்டால் ஒரு மலை முழுவதும் பாடுபட்டோரின் உழைப்பு வீணாகும். ஆயினும், அவ்வண்டியின் அடியில் சொட்டும் கரிய எண்ணெயைக் கண்டால், “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று கூறி அமைந்து விடுகின்றோம். இது தகுமா என்பதைச் சிறிது நோக்குவோம்.

மாணவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்வோம். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் மணிக்கு 3,600 துளி. அதாவது 120 மில்லிலீற்றர். எட்டு மணி நேர வேலையில் ஏறக்குறைய ஒரு லீற்றர் போய்விடும். எஞ்சினில் இருப்பதோ சில லீற்றர் எண்ணெயே. எண்ணெய் குறைந்த நிலையில் செங்குத்தான ஏற்றத்தில் ஏறும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்க, எண்ணெய்ப் பம்பு காற்றை உறிஞ்சும். பேரிங்குகள் உலர்ந்து தேய்ந்து எஞ்சின் இறுகிப்போகும். சிறு துளி பெருவெள்ளம் என்பர். ஈண்டு சிறு துளி பெருஞ்செலவாகின்றது.

பழுது பார்க்கப் புகுமுன் கசிவின் பிறப்பிடத்தைக் காணல் வேண்டும். எண்ணெய் மேலே கசிந்து கீழே சொட்டும். காற்றாடியின் வீச்சால் பின்னோக்கியும் பரவும். ஆதலின், சொட்டும் இடத்தையே கசியும் இடமென்று கருதுதல் பிழை. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை இடுக. எஞ்சின் ஆறிய பின் அழுக்கை முற்றத் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஈரம் தோன்றிய மிக உயரமான இடத்தைத் தேடுக. எண்ணெய் அளவுகோலையும் சமதரையிலேயே பார்த்தல் வேண்டும். சரிவில் அது பொய்யுரைக்கும்.

அடுத்து, எஞ்சின் மூச்சுவிடும் குழாயை நோக்குக. அது சேறும் கசடும் படிந்து அடைபட்டால் உள்ளே அமுக்கம் பெருகி, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். அதனைக் கழுவிச் சுத்தஞ் செய்ய ஒரு சதமும் வேண்டியதில்லை. பின்னர் வால்வு மூடியின் கெஸ்கட்டையும் அடித்தொட்டியின் கெஸ்கட்டையும் பார்க்கலாம். தக்கைக் கெஸ்கட் நசுங்கிக் காய்ந்திருப்பின் புதிது இடுவதே முறை. கசிவை நிறுத்துவதாக எண்ணித் திருகாணிகளை வலிந்து இறுக்கினால் தகட்டு மூடி வளைந்து கசிவு மிகும். கசிவுக்கு அஞ்சித் தடித்த எண்ணெய் ஊற்றுவதும் தகாது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவின் குளிர்காலையில் அது பேரிங்குகளை எட்டத் தாமதமாகும்.

கிளட்ச் உறையின் அடியிலிருந்து கரிய எண்ணெய் சொட்டுமாயின், எஞ்சினின் பின்புறச் சீல் பழுதாயிற்று என்று ஐயுறலாம். வெளிறிய எண்ணெயாயின் அது கியர்ப் பெட்டியினின்று வந்திருக்கலாம். ஹரி பேர்குசனின் பெயர் தாங்கி, 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவான சாம்பல் நிற டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பெற்று அவையே முதுகெலும்பாய் நின்றன. பின்வந்த மசி பேர்குசன் 135 உம் அவ்வகையினதே. எனவே, ஒரு சிறு சீலை மாற்ற வண்டியையே இரு கூறாகப் பிரித்தல் வேண்டும். இரு கூறுகளையும் உறுதியாகத் தாங்கி நிறுத்தாவிடின் உயிருக்கே கேடாகும். இஃது அனுபவம் வாய்ந்த பாஸ்மாரின் வேலை. தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் பயன் தராது. அதனையும் அவர் நோக்குதல் வேண்டும்.

செலவுக்கு அஞ்சி இதனைத் தள்ளிப்போடலாமோ? எண்ணெய் பட்ட கிளட்ச் வழுக்கும். சுமையோடு இறங்கும் வண்டியை அடக்குவதில் எஞ்சினின் பிடிக்கும் பெரும் பங்குண்டு. பிடி நழுவினால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். கீழேயோ பள்ளத்தாக்கு!

இன்னொன்றும் உண்டு. பாதையில் சிந்தியது மழையோடு ஓடையிற் கலக்கும். அட்டன் பகுதியின் நீர் களனி கங்கைக்கும், நானுஓயாவின் நீர் மகாவலிக்கும் செல்வது. லயத்துப் பிள்ளைகள் குளிக்கும் பீலியும் அத்தகைய ஓடைகளைச் சார்ந்ததே. ஆதலால் கழித்த எண்ணெயை மண்ணில் ஊற்றாது, மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து வைத்தல் கடனாகும்.

பழைய வண்டி என்பது இகழ்ச்சிக்குரிய சொல் அன்று. பாட்டன் ஓட்டியதைப் பேரனும் ஓட்டலாம். நாள்தோறும் காலையில் ஒருமுறை குனிந்து அடியைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.